சமன்பாட்டுக்கு எண் தந்த சோதனைச்சாலை

கணினியில் ஓர் இயந்திர உறுப்பை வடிவமைப்பவர், அதன் நீளத்தையும் தடிமனையும் சமன்பாடுகளால் பிணைத்து, பொருட்பட்டியலில் எஃகையோ அலுமினியத்தையோ தேர்ந்தெடுத்த மாத்திரத்தில், உறுப்பின் எடையும் சுமையேற்றினால் அது வளையும் அளவும் கணக்கிடப்பட்டு வந்துவிடுகின்றன. இக்கணக்கில் நொடிப்பொழுதில் ஒன்றுகூடும் சமன்பாடு, எண் ஆகிய இரண்டனுள் சமன்பாடு கணிதரின் மேசையில் பிறந்தது; பொருளின் பண்பைச் சொல்லும் எண்ணோ உலோகத்தை இழுத்தும் முறித்தும் பார்த்த சோதனைச்சாலைகளில் பிறந்தது.

ஒரு முனை சுவரில் பதிக்கப்பட்ட உத்திரம் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். கம்பியின் நீட்சி அதை இழுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையாகிய தகைவுக்கும், மூல நீளத்தோடு ஒப்பிட்ட நீள மாற்றமாகிய திரிபுக்கும் உள்ள விகிதம், 1807இல் தம் சொற்பொழிவுகளை நூலாக்கிய தாமஸ் யங்கின் பெயரால் யங் குணகம் என வழங்குகிறது. எஃகுக்கு இது ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல்.

குணகத்துக்கு இலக்கணம் வகுத்ததனால் மட்டும் ஓர் ஆலையில் உருவான இரும்பு எவ்வளவு உறுதியானது என்பது தெரிந்துவிடாது. கிளாஸ்கோவில் ராபர்ட் நேப்பியரின் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் கிர்க்கால்டி, தேனிரும்பு, எஃகு ஆகியவற்றின் மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் இழுத்து முறித்து, முடிவுகளை 1862இல் நூலாக்கினார். பின்னர் லண்டன் சென்று, தாமே வடிவமைத்த பெரும் சோதனை இயந்திரத்தைக் கொண்டு 1866இல் தனிச் சோதனைச்சாலை ஒன்றைத் தொடங்கினார். 1874இல் சதர்க் தெருவுக்கு இடம்பெயர்ந்த அச்சாலையின் வாயிலில், கருத்துகள் அல்ல, உண்மைகளே வேண்டும் என்னும் பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டது. 1879 டிசம்பர் 28 அன்று ஸ்காட்லாந்தின் டே பாலம் புயற்காற்றில் இரயிலோடு சரிந்து விழுந்தபின், அதன் இரும்புப் பகுதிகள் இங்கேதான் சோதிக்கப்பட்டன. குறுக்குக் கம்பிகளைத் தூண்களோடு பிணைத்த வார்ப்பிரும்புக் காதுகள், கணக்கிட்டு எதிர்பார்த்த சுமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே உடைந்தன. பொறியியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான பாடம் அரிது: சமன்பாடு பிழையின்றி இருந்தாலும், அதில் இடப்படும் எண் மெய்யான பொருளிலிருந்து வராவிட்டால் விடை பயனற்றது.

ஒரே உலோகத்தின் மாதிரிகள்கூட ஒரே சுமையில் முறிவதில்லை என்பதால், வானூர்தித் துறை இவ்வெண்களுக்குப் புள்ளியியல் வரம்பு வகுத்தது. எம்.ஐ.எல். கையேடு-5 என்னும் அமெரிக்க இராணுவக் கையேட்டில், 100க்கு 99 மாதிரிகளேனும் எட்டும் என்று 95 விழுக்காட்டு நம்பகத்துடன் சொல்லத்தக்க வலிமை ஏ-அடிப்படை என்றும், 100க்கு 90 மாதிரிகளேனும் எட்டுவது பி-அடிப்படை என்றும் குறிக்கப்பட்டன.

சமன்பாடு கணினித் திரைக்கு வந்தது 1963இல். எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் ஐவன் சதர்லாந்து, டிஎக்ஸ்-2 கணினியில் இயக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் வரைதல் நிரல், கோடுகள் இணையாகவோ சமநீளமாகவோ இருக்கவேண்டும் என்னும் நிபந்தனைகளைத் தானே நிறைவேற்றியதோடு, வரைந்த பாலத்தின் உறுப்புகளில் எழும் விசைகளையும் எண்களாகக் காட்டியது. 1980களின் இறுதியில் வெளிவந்த புரோ/எஞ்சினியர் என்னும் வடிவமைப்பு மென்பொருள், ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த அளவுகள் அனைத்தும் மாறும் அளபுரு முறையைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தது.

சமன்பாட்டையும் பொருட்தரவையும் ஒரே கணக்கில் பொருத்தியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மைக்கேல் ஆஷ்பி. அவர் முறையில், இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டிய தகட்டுக்குப் பொருள் தேட, யங் குணகத்தின் கனமூலத்தை அடர்த்தியால் வகுத்து வரும் ஈவே அளவுகோல். எஃகுத் தகட்டுக்கு மாற்றாக அலுமினியத்தை இட்டால், குணகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால் தகடு மும்மடங்கு வளையும். ஆயினும் வளைவு தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், தடிமனை 1.4 மடங்குக்குச் சற்று மேல் கூட்டினாலே பழைய விறைப்பு மீண்டுவிடும். அலுமினியத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 2,700 கிலோ, எஃகினது 7,850 கிலோ என்பதால், தடித்த அந்தத் தகட்டின் எடை எஃகுத் தகட்டின் எடையில் ஏறத்தாழப் பாதிதான்.