குருசுக்குப்பத்து மீன்கார ஆயாக்கள்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு நகரம் வடக்கே முடியும் இடத்தில் குருசுக்குப்பம் தொடங்குகிறது. அதை அடுத்து வைத்திக்குப்பம், சோலை நகர். எல்லையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். இந்தக் கரையில் ஆண்களின் தொழில் கடலோடு முடிந்துவிடும். கட்டுமரம் கரையேறி மீன் மணலில் கொட்டப்பட்ட நொடியிலிருந்து அது பெண்களின் தொழில். ஏலம் எடுப்பது, சுமப்பது, விற்பது, விற்காததைக் காயப்போடுவது, வந்த காசை வீட்டுக்கும் கடன்காரருக்கும் பிரிப்பது எல்லாம் அவர்கள் பாடு. பிரெஞ்சு ஆட்சியில், 1930-களிலும் 40-களிலும் பிறந்து, உடம்பில் தெம்பிருந்தவரை கூடையை இறக்காத தலைமுறை ஒன்று உண்டு. மீன்கார ஆயா என்றுதான் தெருக்கள் அவர்களை அறியும். மீன்பிடி பற்றி எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் படகையும் வலையையும் எஞ்சினையும் டன் கணக்கையும் பேசும். ஆயாவின் உழைப்பு அதில் ஏறவில்லை.

விடிவதற்கு முன்பே கரைக்குப் போய்விட வேண்டும். கட்டுமரம் வரும் நேரம் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. காத்திருப்பதும் வேலையில் ஒரு பகுதி. மீன் வந்ததும் மணலில் குவித்து ஏலம். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு குவியலை எடுத்துத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதும் உண்டு, ஏனென்றால் ஒரு கூடைக்கான முதல் எல்லார் கையிலும் இருக்காது. பிறகு கடல் தண்ணீரில் அலசி, கூடையில் அடுக்கி, பழைய சேலைத் துணியைச் சுருட்டிய சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றுவார்கள். ஓலைக் கூடையில் மீன் தண்ணீர் ஒழுகி முதுகு வரை நனையும். பின்னாளில் வந்த அலுமினிய அன்னக்கூடை அந்த ஒழுகலை நிறுத்தியது. ஐஸ் இல்லாத காலத்தில் வெயில் ஏறுவதற்குள் கூடை காலியாக வேண்டும். அதனால் நடை என்பது கிட்டத்தட்ட ஓட்டம்தான்.

விற்பனைக்குத் தராசு கிடையாது. கவலை, காரப்பொடி, நெத்திலி போன்ற பொடி மீன்களைக் கூறு போட்டு வைப்பார்கள். பேரம் முடிந்த பிறகும் கொசுறாக இரண்டு மீன் விழாவிட்டால் வாங்குபவர் எழுந்திருக்கமாட்டார். வஞ்சிரமும் வௌவாலும் பெரிய வீடுகளுக்கென்று தனியே கூடையின் அடியில் இருக்கும். எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாங்கமாட்டார்கள், எந்த வீட்டில் பிள்ளைப்பேறு நடந்திருப்பதால் பால்சுறா தேடுவார்கள், யார் சம்பளத்தன்று கடனைத் தீர்ப்பார்கள் என்பதெல்லாம் ஆயாவுக்கு மனப்பாடம். நோட்டுப் புத்தகம் இல்லாத கணக்கு. 1926-இல் அமைந்த அரவிந்தர் ஆசிரமம் அக்கம்பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாக வளர்ந்தது. ஆசிரம உணவு சைவம் என்பதால், குப்பத்துக்கு மிக அருகிலிருந்த வாசல்கள் பல மீன் கூடைக்கு உதவாதவை. ஆயாக்கள் அவற்றைக் கடந்து பெரிய மார்க்கெட்டுக்கும் முத்தியால்பேட்டைக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள்.

அப்பால் போவது ஒரு காலத்தில் நாடு விட்டு நாடு போவதாகவும் இருந்தது. கோட்டக்குப்பம் சென்னை மாகாணத்து ஊர், குருசுக்குப்பம் பிரெஞ்சிந்தியா. 1941 முதல் இரு பகுதிகளுக்கும் பொதுவாக இருந்த சுங்க ஏற்பாடு 1949-இல் முடிவுக்கு வந்தது. அடுத்த ஐந்தாண்டு எல்லையில் சோதனையும் கெடுபிடியும். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது. கூடைக்காரிக்கு இந்த இரண்டு தேதிகளில் முதலாவதுதான் முக்கியம், அன்றோடு சுங்கச்சாவடி போயிற்று.

விற்காத மீன் கருவாடாகும். நெத்திலியும் காரப்பொடியும் உப்பில்லாமலே சூடான மணலில் ஒரு பகலில் காய்ந்துவிடும். சுறாவும் திருக்கையும் அப்படியல்ல, கீறி உப்பேற்றி இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு வாணிகம் 1815 உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயர் பிடிக்குள் போயிருந்ததால், கடலோரத்தில் குடியிருந்தும் உப்பை விலைக்கு வாங்கவேண்டிய நிலை. மணலும் வெயிலும் மட்டும் இலவசம். புயலும் மழையுமான ஐப்பசி, கார்த்திகையில் கடல் மூடிக்கொள்ளும்போது கருவாட்டுக் கூடைதான் அடுப்பை எரியவைத்தது. அதனால் கோடையில் காயப்போடுவது வீட்டின் சேமிப்பாகவே இருந்தது.

வலையிலும் பெண்களின் கை இருந்தது. பருத்தி நூலை முறுக்குவது, கிழிந்த கண்ணைப் பின்னுவது, அழுகாமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைப்பது எல்லாம் மாலை வேலைகள். நைலான் வலை வந்ததும் இவை மறைந்தன. வேலை குறைந்தது என்று சொல்லலாம். ஆனால் நைலானைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், பிறகு எஞ்சின் வந்தது, அதற்கு எண்ணெய். காசு தேவைப்பட்ட இடத்திலெல்லாம் கடன் வந்தது. இந்தோசீனா வங்கி அச்சிட்ட ரூபாய் நோட்டு புழங்கிய காலத்திலும் சரி, பிறகும் சரி, வங்கி ஆயாவுக்குக் கடன் கொடுத்ததில்லை. தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்புவதே வழக்கம். வீட்டுப் பணப்பை ஆயாவின் மடியில்தான். இருந்தும் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கரையே போனது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புக் கற்சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டு முழுதும் ஒரே பக்கம் போவதில்லை. ஆனால் கூட்டிக்கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே பல லட்சம் கன மீட்டர் நகர்கிறது. சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. தேங்கிய மணலை வாரி வடக்கே இறைக்கும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும் ஒழுங்காக நடக்கவில்லை. கரையைக் காக்கப் பாறாங்கற்கள் கொட்டப்பட்டன. கல் முடியும் இடத்தில் கடல் அடுத்ததாகக் கடித்ததால் கல்வரிசை குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நீண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பழைய நகரத்தைப் பெருஞ்சேதத்திலிருந்து காத்ததும் அந்தக் கல்தான்.

ஆனால் கல்லில் கட்டுமரம் ஏறாது, ஏலம் போட முடியாது, நெத்திலி காயாது. ஆண்கள் படகைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்த் தொழிலைத் தொடர்ந்தார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தை ஏறக்குறைய ஒழித்தன. பெண்களுக்கோ வாசலில் இருந்த பட்டறை மூடப்பட்ட கதைதான். நஷ்ட ஈட்டுப் பேச்சில் படகும் வலையும் வந்தன, காயப்போடும் மணல் வரவில்லை. 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டால் நகரின் முன்புறம் மீண்டும் மணல் சேர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் கால் நனைக்கும் இடம் அது.

அந்தத் தலைமுறைக்குப் பின் வந்த ஆயாக்களின் வேலை இப்போது ஷேர் ஆட்டோவில் தொடங்குகிறது. விடியற்காலையில் சிலர் சேர்ந்து வண்டி பிடித்துத் துறைமுகத்துக்கோ மொத்த ஏலத்துக்கோ போய், ஐஸ் பெட்டியோடு திரும்புகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டிய நவீன மீன் அங்காடிக்கு மொத்த வியாபாரத்தை மாற்ற அரசு முயன்றபோது மீன் விற்கும் பெண்கள் எதிர்த்தார்கள். ஆட்டோச் செலவு ஏறும், பழகிய வாடிக்கை போய்விடும் என்பது அவர்கள் வாதம், நியாயமான வாதமும்கூட. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது என்பதால், தடைக்காலத்தின் முதல் ஒன்றரை மாதம் கேரளத்திலிருந்து லாரியில் வரும் ஐஸ் மீன் கூடைகளில் ஏறுகிறது. மகள்களும் பேத்திகளும் பள்ளி, கல்லூரி, கம்பெனி வேலை என்று போய்விட்டதால், இந்தக் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள்தான்.