ஒயின் தோட்டத்துச் சாப்பாடும் 2001-ம் வருடக் கொள்கையும்

ஒயின் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு 'ஒயின் ஷாப்' போர்டுதான் ஞாபகம் வரும். ஒயினைத் தவிர மற்ற எல்லாம் அங்கே கிடைக்கும்! நாசிக் கதையே வேறு. கும்பமேளா நடக்கும் இந்தக் கோதாவரிக்கரைப் புண்ணியத் தலத்தைச் சுற்றி இன்று ஒயின் தோட்டங்கள். உள்ளேயே சாப்பாட்டுக் கூடங்கள். விடுமுறை வந்தால் மும்பை, புனே கார்கள் எல்லாம் இங்கேதான்.

அப்படி ஒரு தோட்டத்தில் ஒரு பிப்ரவரி மதியம் சாப்பிட்டோம். தட்டில் பாக்ரி, பிட்லா, பச்சை மிளகாய் தேச்சா. பக்கத்தில் குளிர்ந்த செனின் பிளாங். வெளியே ஒரு பெரிய தொட்டியில் சுற்றுலா வந்தவர்கள் காலால் பழம் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அது வெறும் வேடிக்கை. விற்பனைக்கான ஒயின் உள்ளே ஸ்டீல் தொட்டிகளில், குளிரூட்டிய நிலையில் நொதித்துக்கொண்டிருந்தது.

நிஜமான பழமை கொடியில் இருக்கிறது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். நாசிக் வெயிலில் அப்படித் தூங்காது. அதனால் இங்கே சாப்பாட்டுத் திராட்சை போட்ட விவசாயிகள் இரண்டு முறை கவாத்து செய்து ஒரே அறுவடை எடுத்தார்கள். ஏப்ரல் கவாத்து கிளைக்கு. மழை ஓய்ந்ததும் செய்வது காய்ப்புக்கு. மார்ச்சுக்குள் அறுவடை முடிந்துவிடும். பிரெஞ்சு ரகங்கள் வந்தபோது அவையும் இந்த முறைக்குத்தான் பழகின.

இனி வரலாறு. 1980-களிலேயே புனே மாவட்டம் நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலேயின் இண்டேஜ், பிரெஞ்சு உதவியோடு நுரைக்கும் ஒயின் தயாரித்தது. அமெரிக்காவில் ஆரகிள் வேலையை விட்டு வந்த ராஜீவ் சாமந்த், நாசிக்கில் குடும்ப நிலத்தில் தொடங்கிய சூலாவின் முதல் ஒயின் 2000-ல் வந்தது. பெரிய திருப்பம் 2001-ல். மகாராஷ்டிர அரசு தன் திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கையில், ஒயினை மற்ற மதுவோடு சேர்க்காமல் விவசாயம் சார்ந்த தொழிலாகப் பார்த்தது. கலால் வரிச் சலுகை கொடுத்தது. விஞ்சூரிலும் பலூஸிலும் ஒயின் பூங்கா அமைத்தது. நாம் சாப்பிட்ட மேசையும் அந்தக் கொள்கையின் தொடர்ச்சிதான்.

ஆலைகள் பெருகின. விவசாயிகள் ஒயின் ரகங்களுக்கு மாறினார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சாப்பாட்டுத் திராட்சையை ஒரு வியாபாரி வாங்காவிட்டால் இன்னொருவருக்கு விற்கலாம். ஒயின் திராட்சை சிறியது, கொட்டையுள்ளது. கடைத்தெருவில் யார் வாங்குவார்கள்? ஆலை வாங்கினால்தான் உண்டு.

2008-ல் உலகப் பொருளாதாரச் சரிவு. நவம்பரில் மும்பைத் தாக்குதல். ஓட்டல்கள் காலியாயின, ஒயின் விற்பனை விழுந்தது. தொட்டிகளில் பழைய சரக்கே தேங்கியிருக்க, புதுப் பழத்தைப் பல ஆலைகள் எடுக்கவில்லை. வளர்த்த கொடிகளை விவசாயிகளே பிடுங்கிப் போட்டார்கள். முன்னோடியான இண்டேஜும் கடனில் மூழ்கியது.

தப்பிப் பிழைத்த ஆலைகள் பின்னர் வளர்ந்தன. சாப்பாட்டுக் கூடங்களும் வந்தன. நாசிக் போனால் ஒரு வாய் அவசியம் ருசித்துப் பாருங்கள். அப்படியே திண்டோரி பக்கம் ஒரு திராட்சை விவசாயியிடமும் பேசுங்கள். இந்த வருடப் பழத்துக்கான விலை எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.