இரட்டைக்குழலும் மாற்றுக்குழலும்

மாஞ்சோலை மலையில் காட்டுக்கோழி உண்டு, மிளா உண்டு, காட்டெருமையும் உண்டு. மூன்றுக்கும் ஒரே தோட்டா சரிப்படாது. கோழிக்குப் போடும் ரவை காட்டெருமைக்குக் கொசுக்கடி. காட்டெருமைக்கான தோட்டாவைக் கோழிமேல் விட்டால் இறகுதான் மிஞ்சும். வேட்டை சட்டப்படி நடந்த காலத்தில் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை ஒன்று, இன்றைய ஜெர்மானியத் தொழிற்சாலை தரும் விடை ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலை இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது பழங்கதை. அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். அதற்கு முன்னால் இது சிங்கம்பட்டி ஜமீன் காடு. 1919இல் சென்னையில் ஜமீன் பிள்ளைகள் படித்த நியூயிங்டன் விடுதியின் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கம்பட்டி, கடம்பூர் இளம் ஜமீன்கள் அந்த வழக்கில் சிக்கினார்கள். வழக்கு பம்பாய் வரை போய் விடுதலையில் முடிந்தது. அந்தச் செலவுதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 8,000 ஏக்கருக்கும் மேலான காட்டைத் தேயிலை போட 99 ஆண்டுக் குத்தகைக்கு விட வைத்தது என்று அம்பாசமுத்திரம் பக்கம் இன்றும் சொல்வார்கள். அது உண்மையானால், தேயிலை இந்த மலைக்கு வந்ததே ஒரு துப்பாக்கிச் சத்தத்தின் பின்னால்தான்.

பழைய விடை எளியது: விலங்குக்கு ஒரு துப்பாக்கி. குமாவுனில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டிடம் .275 ரிக்பி ஒன்றும் .450/400 இரட்டைக்குழல் ஒன்றும் இருந்தன. இரட்டைக்குழல் ரைபிளின் அருமை, கையை அசைக்காமல் இரண்டாவது வெடி போடலாம் என்பதில் இருக்கிறது. புதருக்குள்ளிருந்து காயம்பட்ட மிருகம் பாயும்போது அந்த அரை நொடிதான் உயிர்.

ஆனால் அதைச் செய்வது தட்டார் வேலை போன்றது. இரண்டு குழல்களும் குறிப்பிட்ட தூரத்தில் ஒரே புள்ளியில் சுட வேண்டும். கைவினைஞர் சுட்டுப் பார்ப்பார், ஈயப்பற்றை உருக்கி முனையிலுள்ள சிறு ஆப்பை மயிரிழை நகர்த்துவார், மறுபடி சுடுவார். அதுவும் ஒரே எடைக் குண்டு, ஒரே அளவு மருந்துக்குத்தான் பொருந்தும். தோட்டாவை மாற்றினால் இரண்டு குழலும் ஆளுக்கொரு திசை காட்டும்.

இதனால் இரட்டைக்குழலில் குழல் மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். முன்கட்டையைக் கழற்றி நெம்புகோலைத் தள்ளினால் குழல்கள் கையோடு வந்துவிடும். கருவி எதுவும் தேவையில்லை. பணக்காரர்கள் ஒரே உடலுக்கு இரண்டு சோடிக் குழல்கள் செய்வித்து ஒரே தோல் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த இரண்டாவது சோடியை அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். அடுத்தவர் துப்பாக்கியில் அது உட்காராது.

போல்ட் ரைபிளின் கதை வேறு. அதில் குழல் மறைபோட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இடுக்கி, பெரிய திருகி, அளவுக் கட்டைகள் எல்லாம் வேண்டும். தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு மீறினால் பித்தளைக் கூடு கிழிந்து, தீயும் வாயுவும் சுடுபவர் முகத்தை நோக்கிப் பீறிடும். வீட்டுத் திண்ணையில் செய்யும் வேலையில்லை அது.

ஜெர்மனியின் பிளேசர் கம்பெனி 1993இல் ஆர்93, 2008இல் ஆர்8 என்று கொண்டுவந்த மாற்றுக்குழல் ரைபிள் இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனம் காட்டியது. போல்ட்டின் தலை குழலுக்குள்ளேயே விரிந்து பூட்டிக்கொள்கிறது. ஆகவே அந்த ஆபத்தான இடைவெளி தொழிற்சாலையிலேயே குழலோடு முடிவாகிவிடுகிறது. கட்டையின் அடியிலுள்ள இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் குழல் வெளியே வரும். தொலைநோக்கி குழல்மேலேயே உட்கார்ந்திருப்பதால் குறியும் அதோடு போய் அதோடு திரும்புகிறது. .308, .30-06, .243 மூன்றுக்கும் தோட்டா அடி ஒரே அளவு; போல்ட் தலையைத் தொட வேண்டாம். .300 வின்செஸ்டர் மேக்னம் வேண்டுமென்றால் தலையையும் மாற்ற வேண்டும். முயலுக்கான .22 முதல் யானைக்கான .500 ஜெஃப்ரி வரை ஒரே விசை, ஒரே தோள்கட்டை. கை பழகிய விசை மாறாதது சின்ன லாபமில்லை.

குறை இல்லாமலா? குழல், தொலைநோக்கி, தலை என்று கூட்டினால் ஒவ்வொரு மாற்றும் கிட்டத்தட்ட ஒரு புது ரைபிளின் விலைக்கு வந்து நிற்கும். குழலை மாற்றியவர் தோட்டாப் பையை மாற்ற மறந்தால் வரும் விபத்தும் இதில் உண்டு. இயந்திரமாகப் பார்த்தால் என் ஓட்டு மாற்றுக்குழலுக்கு. பாய்கிற மிருகத்தின் முன்னால் நிற்கச் சொன்னால் இரட்டைக்குழலைத்தான் கேட்பேன்.

இந்தியாவில் தோட்டா அளவை மாற்றியது பெரும்பாலும் காட்டு மிருகம் அல்ல, சர்க்கார் காகிதம். ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியை வைத்திருக்கும் கலகக்காரர்களுக்குத் தோட்டா கிடைத்துவிடும் என்று பயந்த பிரிட்டிஷ் அரசு 1907இல் இங்கே .450 அளவைத் தடை செய்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475 என்று புதிது புதிதாக அளவு கண்டுபிடித்தார்கள். யானையின் மண்டையோடு அப்படியேதான் இருந்தது. பின்னர் .303 ராணுவ அளவு என்பதால், இஷாப்பூர் தொழிற்சாலை ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் உடலிலேயே 8 மில்லிமீட்டர் குழலைப் பொருத்தி .315 ஸ்போர்ட்டிங் ரைபிள் என்று குடிமக்களுக்கு விற்றது. இந்த நாட்டில் நடந்த மிகப் பெரிய குழல் மாற்றம் அதுதான் என்பேன். ஆனால் வாங்கியவர் கையில் அது மாறாக் குழல்.

துப்பாக்கியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதில் சட்டங்களுக்குள்ளும் ஒற்றுமையில்லை. அமெரிக்க மத்திய சட்டத்தில் உடல்தான் துப்பாக்கி. பெரும்பாலான இடங்களில் ரைபிள் குழலைக் கடையில் சாமான் போல வாங்கலாம். ஜெர்மனியில் குழலும் முக்கிய பாகம், பதிவு செய்ய வேண்டும். நம் 1959 ஆயுதச் சட்டத்திலோ ஆயுதம் என்ற சொல்லே பாகங்களையும் சேர்த்துக்கொள்கிறது. துப்பாக்கியை வேறாக மாற்றுவதை உரிமம் பெற்ற தொழிலாளி மட்டுமே செய்யலாம். 2019 திருத்தத்துக்குப் பின் சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. நான்கு அளவை ஒரே உடலில் அடக்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும், லைசென்சில் ஏறாத குழல் வெறும் இரும்பில்லை, குற்றப் பொருள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் பாட்டன் காலத்துத் துப்பாக்கிப் பெட்டி சில பழைய வீடுகளில் இன்னும் இருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குகிறவர்கள் பெட்டியின் அடித்தட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே இரண்டாவது சோடிக் குழல் படுத்திருந்தால், லைசென்ஸ் புத்தகத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.