உள்குடியும் புறக்குடியும்

செங்கல்பட்டுச் சீமையின் பழைய நிலவரிக் கணக்குகளைப் புரட்டுவோர்க்கு 'உள்குடி', 'புறக்குடி' என்னும் இரண்டு சொற்கள் அடிக்கடி எதிர்ப்படும். காணியாட்சிப் பாத்தியதை உடையவர் மிராசுதார். அவர் நிலத்தைப் பயிரிட்டவர் பாயக்காரி. பாயக்காரிகளுள்ளும், ஊரிலேயே குடியிருந்து பரம்பரையாக உழுது, செலுத்த வேண்டியதைச் செலுத்திவரும் வரையில் வெளியேற்றப்படாதவர் உள்குடி, அயலூரிலிருந்து வந்து தவணை பேசி உழுதுவிட்டுப் போகிறவர் புறக்குடி. கம்பெனி ஆட்சியில் சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை மிராசு உரிமை குறித்து எழுதி 1818இல் அச்சேறிய விடைகளில் இப்பாகுபாடு பேசப்படுகிறது. குடியேற்றம், இனத்துவேஷம் ஆகியவை பற்றி வாதிக்கும்போதெல்லாம் மேனாட்டு நூல்களில் சொற்களைக் கடன் வாங்கும் நாம், நம் கணக்குப்பிள்ளை வைத்திருந்த இந்த அளவுகோலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது தகும்.

அளவுகோலில் ஒரு கோணல் உண்டு. நெடுங்காலம் இருந்தவன் உள்ளவன், நேற்று வந்தவன் புறத்தவன் என்பதே அதன் நியாயமானால், எத்தனையோ தலைமுறைகளாக அதே ஏரிப்பாசனத்தில் நாற்று நட்ட சேரி மக்கள் முதல்வரிசையில் நின்றிருக்க வேண்டும். அவர்களோ கணக்கின் எந்த வரிசையிலும் உரிமையோடு நிற்கவில்லை. 1891இல் இந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை இதற்குச் சாட்சி. குடிசை நின்ற மனையே மிராசுதாரின் பிடியில் இருந்தபடியால், கூலியைக் குறித்து எதிர்த்துப் பேசியவன் குடியிருப்பையும் சேர்த்து இழக்க நேர்ந்தது. அவ்வறிக்கையின் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதி பிறந்த 1010ஆம் எண் அரசாணையே, ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு மூலம். அந்நிலங்களை மீட்க இதே சீமையின் காரணை என்ற ஊரில் எழுந்த கிளர்ச்சியில், நூறாண்டுகளுக்குப் பின் 1994 அக்டோபரிலும், போலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள்.

சொந்த ஊரில் மனையற்றவன் கடல் கடந்தான். 1860 நவம்பர் 16ஆம் தேதி, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றவர் ஏறத்தாழ 1,52,000 பேர், அவருள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார், செங்கல்பட்டு ஜில்லாவினரும் அவருள் உண்டு. கரும்புத் தோட்டம் அவர்களால் செழித்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறுபடி கூலிக்கு ஒப்பாமலும் தங்க விரும்பியவன்மீது, 1895ஆம் ஆண்டுச் சட்டம் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி விதித்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்பதே அதன் தாத்பரியம். புறக்குடி உள்குடியாகிவிடக் கூடாதென்ற அச்சம் அங்கே தோலின் நிறத்தைச் சாக்காகக் கொண்டது, அவ்வளவே. 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் 1914இல் அவ்வரி நீங்கிற்று.

அந்தத் துயரக் கதையைப் படித்துக் கண் கலங்கும் நாம், படாளம் கூட்டு ரோட்டில் காலை ஆறு மணிக்கு நின்று பார்க்க வேண்டும். முதுகில் பையும் கையில் சோற்றுத் தூக்குமாக, வடநாட்டு இளைஞர் ஐந்தாறு பேர் வேலைக்கு அழைத்துப்போகும் வண்டியை எதிர்பார்த்து நிற்பார்கள். அங்கே நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில், எனக்குக் கணக்கு நோட்டு உண்டு. மாதம் பிறந்து கொடுத்தாலும் கேள்வியில்லை. அவர்களிடமோ, "பையா, காசை முதல்ல எடு" என்று வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகே கடைக்காரர் கிளாஸைக் கழுவுகிறார். அவர் கொடியவர் அல்லர். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்டுப் பணத்துக்குக் காத்திருந்த குடும்பம் அவருடையது, கடனின் அருமை அறிந்தவர். "நாளைக்கு எங்க இருப்பானோ சார்" என்பது அவர் சமாதானம்.

வந்தவரே இங்கு வேரூன்ற விரும்பவில்லை, பொருளீட்டித் திரும்பிவிடுவார், அவருக்கு ஊருரிமை எதற்கு என்பது பலர் எழுப்பும் ஆட்சேபம். திரும்பிப் போவது அவன் இஷ்டமாக இருக்கும்வரை அதில் குற்றமில்லை. தங்குவதற்கான மனையையும் கடனையும் மரியாதைச் சொல்லையும் முன்கூட்டியே மறுத்துவிட்டு, 'அவன் போய்விடுவான்' என்று ஆரூடம் கூறுவது நேர்மையன்று. 'வடக்கன்' என்று நம் வாயில் புரளும் சொல்லுக்கும், நேட்டாலின் டர்பனில் நம்மவர்மேல் வீசப்பட்ட 'கூலி' என்ற நம் சொல்லுக்கும் பொருளில் பேதம் காண என்னால் இயலவில்லை.

அந்த இளைஞருள் ஒருவர் மூன்று வருஷமாக அதே கடையில் தேநீர் குடிக்கிறார். அவர் பெயர் இன்னும் நோட்டில் ஏறவில்லை.