மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி



இந்தியாவில் பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலந்து விற்கும் ‘ஈ20’ பற்றி இப்போது எங்கும் பேச்சு. அமெரிக்காவில் 85 வீதம் வரை எதனோல் ஊற்றி ஓடும் பிக்கப் வாகனங்களை ரியூன் செய்து வேகம் கூட்டும் காணொளிகளை எங்கள் மாணவர்கள் கைபேசியில் பார்க்கிறார்கள். ‘சேர், எங்கட பக்கத்தில இப்படி ஒன்றும் நடக்கேல்லையா?’ என்று கேட்கிறார்கள். நடந்திருக்கிறது பிள்ளைகளே. ஒரு வாகனத்தை அதற்கென்று செய்யப்படாத எரிபொருளில் ஓட்டும் வித்தையை வன்னி பல வருடங்கள் செய்து காட்டியது. பாடப்புத்தகத்தில் இல்லாதபடியால் இங்கே எழுதுகிறேன்.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதும் வடக்குக்கு வரும் பொருட்களுக்குத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம் என்று நீண்ட பட்டியல். மண்ணெண்ணெய் மட்டுப்படுத்திய அளவில்தான் வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரி தாண்டி கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்கள். சனம் பெருகியது, எரிபொருள் பெருகவில்லை. 1997 மே மாதம் வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே ‘ஜெயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகு பாதை இன்னும் இறுகியது.

எங்கள் சமூகத்தின் பெரியவர்களில் பலருக்கு இந்தக் காலம் நேரடியாகத் தெரியாது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, நாச்சிக்குடாவிலிருந்து போனவர்கள் அந்த வருடங்களைப் புத்தளத்திலும் வேறு இடங்களிலும் அகதிகளாகக் கழித்தார்கள். மீளக் குடியேறிய பிறகு அயலவர்களின் வாயால்தான் இதைக் கேட்கிறோம். ஒரே மண்ணில் இருந்தும் இரண்டு விதமான இருபது வருடங்கள் எங்களுக்கு. ஒருவர் கதையை மற்றவர் அறிய வேண்டும் என்பதும் இதை எழுத ஒரு காரணம்.

இனி எஞ்சினுக்கு வருவோம். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. வன்னியில் செய்த வழி இதுதான்: ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல், தாங்கியில் மண்ணெண்ணெய். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்காது, அடுத்த முறை ஸ்ரார்ட் இலகு. ஒரு போத்தல் பெற்றோல் இருந்தால் பல நாள் ஓடலாம்.

எல்லா வாகனமும் இதற்கு இணங்காது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலைவிட மிகக் குறைவு. நெருக்கும்போது நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களின் நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 7க்கு 1தான், ஆகவே அவை தாக்குப் பிடித்தன. இன்றைய பெற்றோல் கார்களில் பெரும்பாலானவை 10க்கு 1 அல்லது அதற்கு மேல். உலகம் கழித்துவிட்ட கிழட்டுக் கார்கள் வடக்கில் ராஜாவாக ஓடியதற்கு இதுவே காரணம். தட்டுவதைக் குறைக்க, தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைக்க வேண்டும். அப்போது இழுவை குறையும், புகை கூடும், பிளக்கில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வழியே கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். டீசல் எஞ்சினில் வேறு பிரச்சினை: மண்ணெண்ணெய்க்கு வழுக்குத் தன்மை குறைவு என்பதால் ஒயில் சேர்க்காவிட்டால் பம்ப் தேய்ந்து போகும்.

மற்ற நாடுகளில் ரியூனிங் என்பது வேகத்துக்கு. எங்கள் கராஜ்களில் அது வாகனம் போய்ச் சேருவதற்கு. காயப்பட்டவரை, பிள்ளைப்பேற்றுக்குரிய தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நெல்லை ஆலைக்கு ஏற்ற வேண்டும். குதிரைவலு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அதே மண்ணெண்ணெயில்தான் வீட்டு விளக்கும் எரிந்தது. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்துச் செய்த விளக்கின் கீழ் பிள்ளைகள் சாதாரண தரம், உயர்தரம் படித்தார்கள். எஞ்சினுக்குப் போன ஒவ்வொரு லீற்றரும் ஏதோ ஒரு விளக்குக்குப் போகாத லீற்றர். புதுமை, சாதனை என்று இதைக் கொண்டாடும்போது அந்தக் கணக்கையும் மறக்கக் கூடாது. தடை இல்லாதிருந்தால் இந்த வித்தை தேவைப்பட்டே இராது.

உலக வரலாற்றில் இது தனிக்கதை அல்ல. இங்கிலாந்தின் ஃபெர்குசன் டி.ஈ.20 உழவு இயந்திரத்தில், பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாற்றும் வகை ஒன்று தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் பஸ்களின் பின்னால் அடுப்பு பூட்டி, கரியிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள்.

பிரேசிலின் கதை இன்னும் நெருக்கமானது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல் கரும்பிலிருந்து எதனோல் எடுத்து வாகனம் ஓட்டும் அரச திட்டம் அங்கே தொடங்கியது. 1979இல் எதனோலில் மட்டும் ஓடும் ஃபியட் 147 வந்தது. எதனோலும் குளிரில் இலகுவில் பற்றாது. அதனால் அந்தக் கார்களில் ஸ்ரார்ட் செய்வதற்கென்றே ஒரு சிறு பெற்றோல் தாங்கி வைத்தார்கள். எங்கள் ஆட்களின் பெற்றோல் போத்தலும் அதே வேலையைத்தான் செய்தது!

ஆனால் எதனோலும் மண்ணெண்ணெயும் எதிரெதிர் குணம் உள்ளவை. எதனோலின் ஒக்ரேன் 100க்கு மேல், ஆகவே நெருக்கலைக் கூட்டி வலுவை எடுக்கலாம். வேகப் பிரியர்கள் அதை விரும்புவது அதனால்தான். ஆனால் ஒரு லீற்றரில் உள்ள சக்தி பெற்றோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சினுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிபொருள் விட வேண்டும், பழைய றப்பர் குழாய்களையும் அது கெடுக்கும்.

1980களின் இறுதியில் பிரேசிலில் எதனோல் தட்டுப்பாடு வந்து, அதை மட்டுமே நம்பிக் கார் வாங்கியவர்கள் தவித்தார்கள். பின்னர் 2003இல் எதனோலையும் பெற்றோலையும் எந்த அளவிலும் கலந்து ஊற்றக்கூடிய ஃபொக்ஸ்வேகன் கோல் கார் அங்கே விற்பனைக்கு வந்தது. எந்தக் கலவை வருகிறது என்று அறிந்து கணினி தானே மாற்றிக்கொள்ளும். ஒரே எரிபொருளுக்கு அடிமையானால் அது நிற்கும் நாளில் நாமும் நிற்போம் என்று பிரேசில் பட்டுத் தெளிந்தது. வன்னியில் அந்தக் கணினியின் வேலையை மெக்கானிக்கின் காதும் கையும் செய்தன.

2002 போர்நிறுத்த உடன்படிக்கையோடு தடைகள் தளர்ந்து ஏ9 திறந்தது. பெற்றோல் வந்தது, புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மூடியதும் பழைய பாடம் திரும்பி வந்தது. 2009 இறுதிப் போரோடு வாகனங்களும் கராஜ்களும் மனிதர்களும் போய்விட்டார்கள்.

2022இல் முழு இலங்கையும் எரிபொருள் வரிசையில் நின்றது. கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. முல்லைத்தீவு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் தவித்ததற்கு இதுவும் காரணம். வெளியிணைப்பு எஞ்சின்கள் இன்றும் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுபவை. இந்த வரலாறு பழங்கதை அல்ல என்பதற்குக் கரையில் நிற்கும் படகுகளே சாட்சி.

ஒரு எச்சரிக்கை: இதை வாசித்துவிட்டு யாரும் இன்றைய வாகனத்தில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், எஞ்சின் போய்விடும். பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை விளக்கில் ஊற்றுவது உயிராபத்து.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கராஜ் வைத்திருந்த ஐயாமார், நானாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் என்ன கலந்தார்கள், எந்த ஸ்குருவை எவ்வளவு திருப்பினார்கள், எது பழுதானது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவர்களுக்குச் சான்றிதழும் இல்லை, விருதும் இல்லை. வயதும் போய்க்கொண்டிருக்கிறது. எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும்.