டார்னெய்ட் ரோடும் நம்மூரு சென்ட் கணக்கும்

மெல்பர்ன் மேப்புல மேற்கால டார்னெய்ட் பக்கம் கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க மக்களே. சேயர்ஸ் ரோடு, லீக்ஸ் ரோடு, டொஹர்ட்டிஸ் ரோடு, பவுண்டரி ரோடுன்னு நாலும் கோடு போட்ட நோட்டு மாதிரி ஓடும். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சுமாரா 1.6 கிலோமீட்டர், அதாவது ஒரு மைல். எல்லாமே கிலோமீட்டர்ல பேசுற ஊர்ல இது எங்கேர்ந்து வந்துச்சு?

எல்லாம் சர்வேயர் சங்கிலி செஞ்ச வேலை. ஒரு சங்கிலி 66 அடி, அதுல 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல். 19ஆம் நூற்றாண்டில் விக்டோரியா காலனி நிலத்தை மைல் சதுரமா, 640 ஏக்கர் துண்டுகளா பிரிச்சாங்க. நடுவுல ரோட்டுக்குன்னு வழக்கமா ஒரு சங்கிலி அகலம், கிட்டத்தட்ட 20 மீட்டர். இதே சங்கிலிதான் நம்மூரையும் அளந்தது. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். "அஞ்சு சென்ட் இடம் வாங்கியிருக்கேன்"னு மாமா சொல்றதுக்கும் லீக்ஸ் ரோட்டுக்கும் சொந்தம் உண்டு :-)

டார்னெய்ட்னா வாத்தரோங் மொழியில 'வெள்ளை'ன்னு அர்த்தமாம். அந்த மொழி பேசுன மக்கள்கிட்ட கேட்டுட்டு யாரும் அளக்கலை. பேரை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டாங்க.

அப்புறம் ரொம்ப காலம் இது வெறும் வயக்காடு. எரிமலைப் பாறை மேல களிமண். நம்ம கரிசல் மாதிரியே வெயில்ல வெடிக்கும், மழையில உப்பும். மேல போட்ட ரோட்டையும் சும்மா விடாது. ஆட்டு மந்தைக்கும் வைக்கோல் வண்டிக்கும் அந்த ரோடு போதும்.

2002ல மெல்பர்ன் நகர வளர்ச்சிக்கு ஒரு எல்லை வகுத்தாங்க. 2010ல மேற்குப் பக்கம் அதை இன்னும் தள்ளி வச்சாங்க. சதுரங்களுக்குள்ள வீடு முளைச்சுது. 2016 கணக்கெடுப்பில் சுமார் 34,500 பேர், 2021ல 56,000க்கும் மேல. பஞ்சாபி, இந்தி, தெலுங்கு, தமிழ்னு நம்ம துணைக்கண்டமே குடி வந்தாச்சு. ரோடு? போக ஒண்ணு, வர ஒண்ணு, அதே பழைய தடம்தான்! 2017 கடைசியில ஒப்பந்தம் போட்டபிறகுதான் லீக்ஸ், டெரிமட், பாமர்ஸ் ரோடுகள்ல சில பகுதிகளை இரட்டிப்பாக்குனாங்க.

ரயிலும் அதே கதை. ஜூன் 2015ல ஸ்டேஷன் திறந்தாங்க. ஆனா அந்தப் பாதை போட்டதுக்கு முக்கியக் காரணம், ஜீலாங் ரயில்கள் வெரிபி தடத்துல புறநகர் ரயிலுக்குப் பின்னாடி மாட்டிக்காம இருக்கணும்னுதான். நம்மாளுங்க வழியில ஏறுறவங்க. மின்சார ரயில் இல்லை, டீசல் வண்டி. ஜீலாங்லேர்ந்து நிரம்பி வர்ற பெட்டியில காலையில எட்டு மணிக்கு ஏறிப் பாருங்க, தாம்பரம் ஞாபகம் வரும்.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். குதிரை வண்டிக் காலத்துல அளந்தவங்க ரோட்டுக்கு இடம் ஒதுக்கிட்டு மிச்சத்தை வித்தாங்க. நம்ம காலத்துல மனையை வித்து, வீடு கட்டி, பிள்ளைங்க ஸ்கூல் போக ஆரம்பிச்சப்புறம் ரோட்டை அகலப்படுத்துறாங்க. 20 மீட்டருக்குள்ள நாலு தடம், நடுத்திட்டு, நடைபாதை, சைக்கிள் பாதை எல்லாம் அடங்காது. ஓரத்து நிலத்தைத் திரும்ப வாங்கணும், இன்னிக்கு விலையில. முப்பது வருஷக் கடன்ல வீடு வாங்கினவர் அதுவரைக்கும் சிக்னல்ல காத்துக்கிட்டு இருக்கணும்.

தாத்தா காலத்துப் புலப்படம் வீட்ல வச்சிருக்கவங்க எடுத்துப் பாருங்க. அளவு லிங்க்ல இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.