பாரதி பிரெயிலில் தமிழ் எழுத்துகள்

பார்வையற்ற மாணவர்க்கான வகுப்பறைக் கருவிகளை ஆராய்வோர் பெரும்பாலும் கருவியின் அமைப்போடு நின்றுவிடுகின்றனர். அக்கருவி தாங்கி நிற்கும் எழுத்து முறை மொழியியலாரின் கவனத்திற்குரியது. 1951-இல் உருவான பாரதி பிரெயில் இதற்குத் தக்க சான்றாகும். இங்குப் 'பாரதி' என்பது பாரத நாட்டுக்குரியது என்னும் பொருளது, கவிஞர் பெயரன்று.

லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட முறையில் ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள் அமையும். அமிர்தசரசில் 1887-இல் பார்வையற்றோர் பள்ளி தொடங்கப்பட்ட பின்னர், இந்தியாவில் பள்ளிகளோடு பிரெயில் முறைகளும் பெருகின. ஒரு முறையில் பயின்ற விரலால் மற்றொரு முறையில் அமைந்த நூலைப் படிக்க இயலவில்லை. 1949-இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியை நாடியது. 1951-இல் பெய்ரூத்தில் கூடிய மாநாட்டை ஒட்டி இந்திய மொழிகளுக்குப் பொதுமுறை வாய்த்தது.

ஒலி ஒன்றாயின் வடிவமும் ஒன்று என்பதே அதன் அடிப்படை. தமிழ்க் ககரமும் இந்திக் ககரமும் 1, 3 ஆகிய புள்ளிகளால் அமைவன. ஆங்கிலத்தின் 'கே' எழுத்தும் அதுவே. எனவே மும்மொழி பயிலும் மாணவன் மூன்று நெடுங்கணக்குகளைத் தனித்தனியே கற்க வேண்டியதில்லை. தமிழின் ழகரத்திற்கு 1, 2, 3, 5, 6 என்னும் புள்ளிகள் வழங்கப்பட்டன.

அச்சில் 'கொ' என்பதன் ஒற்றைக் கொம்பு ககரத்தின் முன்னும் கால் பின்னும் நிற்கும். பிரெயிலிலோ ககரத்தை அடுத்து ஒகரம் வரும், அவ்வளவே. உயிர்க்குறிகள் என்று தனியே எவையும் இல்லை. இவ்வகையில் மெய்யின் வழியே உயிர் தோன்றும் என்னும் தமிழிலக்கண மரபுக்கு அச்செழுத்தைக் காட்டிலும் பிரெயில் நெருக்கமானது எனலாம். ஆனால் புள்ளி மெய்க்கு மேல் நில்லாமல், தனிக்கட்டமாக மெய்க்கு முன் வருகிறது. அதனால் மெய் மிகுந்த தமிழ்ச்சொல் நீளுகிறது: 'கற்பித்தல்' அச்சில் ஆறெழுத்து, பிரெயிலில் பத்துக் கட்டம். விரலால் படிப்போர்க்கு இது சிறிய சுமையன்று.

ணகரத்தின் வடிவமே எண்குறியாகவும் பயன்படுகிறது. எண்குறி எண்ணின் தொடக்கத்தில் வருவது. ணகரம் தமிழ்ச்சொல்லின் முதலில் வாராது. ஆதலால் தமிழில் மயக்கம் நேர்வது அரிது.

ஒலியடிப்படையில் இந்திய எழுத்துகளுக்குப் பொதுக்குறியீடு காணும் இதே கருத்து, கணினித் துறையில் 1991-இன் இஸ்கி தரத்தில் இடம்பெற்றது. யூனிகோடும் மெய்க்குப் பின்னரே உயிர்க்குறியைச் சேமிக்கிறது. இடைக்காலத்தில் வழங்கிய பல தமிழ் எழுத்துருக்களோ தட்டச்சுப்பொறியைப் பின்பற்றிக் கொம்பை முன்னே வைத்தன. அவற்றில் அச்சுக்கோக்கப்பட்ட பாடநூலைப் பிரெயிலாக்க முனையும்போது, கணினி முதலில் எழுத்துகளின் வரிசையைத் திருத்தியாக வேண்டும். அத்திருத்தம் பிழைத்தால் ஒரு கொம்பு பக்கத்து மெய்யோடு ஒட்டிக்கொள்ளும். படிக்கும் மாணவன் பிழை நூலினதா, தன் விரலினதா என்று அறியாமல் மீண்டும் அவ்வரியைத் தடவுவான்.